தங்கப்பாண்டியன் நடந்த ஒன்பதாயிரம் காலடி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என்னிடம் கேட்டார்கள், எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. கதை எங்காவது வழி தவறினால் பழியைப் பங்கு போட ஆள் வேண்டும்.

தேனியில் இதய நல நடையர் சங்கம் என்று ஒன்று உண்டு. காலையில் நடக்கிறவர்களின் சங்கம். நடந்து முடித்ததும் நடக்காதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். அதன் செயலாளர் ஏசுதாசன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பழனிசெட்டிபட்டியில் எங்கள் மாடிப்படியை ஒரே வேகத்தில் ஏறி வந்தார். தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை நான் கவனிக்கும்வரை நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"மலரு போடுறோம் தங்கச்சி. ஒரு கத வேணும். கருத்துள்ள கதயா இருக்கணும். உப்பக் கொறைக்கணும், எண்ணெயக் கொறைக்கணும், சிகரெட்ட விடணும், தெனம் அரை மணி நேரம் நடக்கணும், நிம்மதியாத் தூங்கணும். இந்த அஞ்சும் வந்துரணும். ஆளு மட்டும் சாகக் கூடாது. வாசிக்கப் போறதுல பாதிப் பேரு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவுக."

"யாரப் பத்திண்ணே எழுத?"

"இது ஒரு கேள்வியா? ஒன் எதுத்த வீட்டுலயே ஆளு இருக்கு. தங்கப்பாண்டியன். தெனம் ஒம்பதாயிரம் காலடி நடக்குறாரு. வார ஞாயித்துக்கிழம விழாவுல ஷீல்டு அவருக்குத்தான்."

அப்போது நான் சிரித்திருக்கக் கூடாது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். (ஏன் சிரித்தேன் என்பது ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. இப்போதே தாவிப் போய்ப் பார்க்காதீர்கள், நான் அவமானப்படுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.)

இன்று வெள்ளி. நாளைக் காலை மலர் அச்சுக்குப் போகிறது. இன்று பத்து மணிக்குத் தங்கப்பாண்டியனும் அவர் மனைவி பாண்டீஸ்வரியும் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் நானும் இருந்தேன். இரண்டு பேரில் ஒருவருடைய இதயம் ஏறுமாறாக அடிக்கிறது. அது யாருடையது என்பதில் மூன்று வாரமாக ஊர் குழம்பியது, டாக்டர் குழம்பினார், கதையும் குழம்பிவிட்டது.

2

முதல் தொடக்கம்:

"கீழ்வானம் வெளுக்கும் முன்பே தேனி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகள் இறங்கத் தொடங்கிவிடும். அந்தச் செந்நிறப் பெட்டிகளின் நடுவே…"

(அடித்துவிட்டேன். பெட்டிகள் நீல நிறம். தக்காளியைத்தான் செந்நிறம் என்று சொல்ல வந்தேன். மண்டிக்குப் போய்ப் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான்.)

இரண்டாம் தொடக்கம்:

"மனித இதயம் கைமுட்டி அளவுள்ள ஒரு"

(பாடப்புத்தகம். மேலே எழுதவில்லை.)

மூன்றாம் தொடக்கம்:

"தங்கப்பாண்டியன் கட்டுப்பாடானவர்."

(இதை எழுதியதும் மறுபடியும் இருமல் வந்தது.)

நான்காவது சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்: தங்கப்பாண்டியனுக்கு வயது ஐம்பத்தேழு. காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். சின்னமனூர் வரைக்கும் இருக்கிற தோட்டக்காரர்களின் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அவர் கையைத் தாண்டித்தான் மதுரைக்குப் பஸ் ஏறும். ஆனால் அவர் இலையில் காய் என்று ஒன்று விழுந்து முப்பது வருடம் ஆகிறது. "நாள் பூரா அது மூஞ்சியிலயேதான் முழிக்கிறேன், சோத்துலயுமா?" என்பார். பரோட்டாவும் சால்னாவும், ஆறு வேளை டீயும், ஒவ்வொரு டீக்கும் ஒரு சிகரெட்டும். இப்படியாக மார்ச் மாதம் வரைக்கும் நிம்மதியாக இருந்தார்.

3

மார்ச் மாதம் ஒரு காலையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர், முருங்கைக்காய்க் கட்டுக்கு விலை சொல்லிக்கொண்டே அதன்மேல் சாய்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினார். கையில் ஒரு தாள். ஏசுதாசன் கேட்ட அந்த ஐந்தும் அதில் இருந்தன. ஆறாவதாக ஒன்று: "மனதை அமைதியாக வைத்துக்கொள்ளவும்."

தங்கப்பாண்டியனுக்கு முதல் ஐந்தும் புரிந்தன. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆறாவதைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது. மனசை எங்கே வைத்துக்கொள்வது? யாரிடம் கொடுத்து வைப்பது? சொல்ல ஊரே திரண்டது. தேங்காயெண்ணெய் கூடவே கூடாது என்று ஒருவர், குமுளியில் உள்ளவர்கள் அதைத்தானே ஊற்றிக் குடிக்கிறார்கள், நூறு வயது இருக்கிறார்களே என்று இன்னொருவர். வெறும் வயிற்றில் பூண்டு. மருதம்பட்டைக் கஷாயம். முட்டையில் மஞ்சள் கூடாது. முட்டையில் மஞ்சள்தான் வேண்டும். போனைத் திறந்தால் ஒரே நாளில் நான்கு விதமாகப் பிழைக்கச் சொன்னார்கள்.*

* நலம் விசாரிக்க வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. நெஞ்சுவலிக்காரரைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தவை, நான் எண்ணிய வரையில்: மிக்சர் பதினான்கு பொட்டலம், பால்கோவா ஆறு, தேங்காய் பன் எண்ணிலடங்காது. குமுளியிலிருந்து நேந்திரம் சிப்ஸ் அரைக் கிலோ. அது நான் கொடுத்தது. இவ்வளவும் எங்கே போயின என்று அப்போது எனக்கு யோசனை வரவில்லை. அவர் கண்ணில் படக் கூடாது என்று பாண்டீஸ்வரி ஒளித்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லை என்று அவளே தின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டாள். "நீயும் குடிம்மா" என்று அவர்கள் சொல்ல, கூட உட்கார்ந்து தானும் குடித்தாள்.

அடிக்குறிப்பில் வரவேண்டிய ஆள் இல்லை அவள். ஆனால் எனக்கு அங்கேதான் வந்தாள். மன்னிக்கவும்.

4

மகன் சுரேஷ்கண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன் கூரியரில் ஒரு வாட்ச் அனுப்பினான். மணி காட்டுவது அதற்குச் சின்ன வேலை. எத்தனை காலடி நடந்தார், நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்று எண்ணி, சென்னையில் இருக்கிற அவன் போனுக்குச் சொல்லிவிடும். எனக்குப் போட்டியாக ஒரு யந்திரம்.

முதல் வாரம் தங்கப்பாண்டியன் நடந்தார். ஏசுதாசனோடு முல்லைப் பெரியாற்றுப் பாலம் வரைக்கும். சிகரெட்டை உண்மையாகவே விட்டுவிட்டார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நடை? இத்தனை வருடமாக உலகம் அவரைத் தேடி மண்டிக்கு வந்திருக்கிறது. ஒரு காரியமும் இல்லாமல் பாலம் வரைக்கும் போய், பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. எட்டாம் நாள் முழங்கால் வலி என்றார். ஒன்பதாம் நாள் ஆனி மாதக் காற்று என்றார்.

"அப்பா, நேத்து எழுநூறு காலடிதான்" என்று சென்னையிலிருந்து போன் வரும். இரண்டு காலையும் நீட்டிக் கட்டிலில் படுத்தபடி, "எனக்கே தெரியும்ப்பா" என்பார்.

ஒருநாள் குளிக்கப் போனவர் வாட்சைக் கழற்றி அடுப்படி மேடையில் வைத்தார். மாவாட்ட வந்த பாண்டீஸ்வரி, அதில் தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். மாட்டியதை மறந்தும்விட்டாள். சாயங்காலம் மகன் போனில் கத்தினான்: "சூப்பர்ப்பா! எட்டாயிரத்து நானூறு!"

தங்கப்பாண்டியன் மனைவியின் கையைப் பார்த்தார். அவள் உப்பில்லாத குழம்பு ஓர் அடுப்பிலும் உப்புள்ள குழம்பு இன்னோர் அடுப்பிலுமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ பாண்டி, அது சும்மா மேடையில கெடக்குறதுக்கு ஒன் கையிலயே கெடக்கட்டும்."

"எனக்கெதுக்குங்க வாட்சு? நான் என்ன கலெக்டர் ஆபீசுக்கா போறேன்?"

"கெடக்கட்டும்ங்கிறேன்ல. பையன் சந்தோசப்படுறான்."

மறுநாள் ஒன்பதாயிரத்து நூறு. எல்லாம் வீட்டு வேலைதான், அடுப்படிக்கும் மொட்டைமாடிக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் ரேஷன் கடைக்கும். சுரேஷ்கண்ணன் பெருமை தாங்காமல் அதைப் படம் பிடித்து ஏசுதாசனுக்கு அனுப்பினான். ஏசுதாசன் அதைச் சங்கத்தில் வாசித்தார். பாலத்துப் பக்கம் தென்படாத மனிதர் தனியாக வேறெங்கோ நடக்கிறார், விளம்பரம் விரும்பாதவர் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள்.

ஒரு மனிதன் பொய் சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட முடியும்.

5

நான் சிரித்த காரணம் இதுதான். வாட்ச் அவள் கையில் ஏறிய மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன். மொட்டைமாடியில் துணி காயப்போட அவள் கையைத் தூக்கியபோது வெயிலில் மின்னியது. எங்கள் மாடியில் எழுதுகிற மேஜையை ஜன்னலோரம் போட்டிருப்பது காற்றுக்காகத்தான். கண் பட்டால் நான் என்ன செய்ய?

யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டு மொக்கம்மாளிடம் மட்டும் சொன்னேன். மொக்கம்மாளுக்குக் காது மந்தம், அவளிடம் சொல்வது தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரிதான்.

நல்ல நகைச்சுவைக் கதை கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் குறிப்பெடுத்தேன். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய். துணி காயப்போட்டாள். வாட்ச் உண்டு. பாதியில் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதன். ரேஷன் அரிசி. வாட்ச் உண்டு. மாடிப்படி ஏழாவது படியில் நின்றாள். தாடையைத் தடவினாள். பல்வலியோ? வியாழன். வாட்ச் உண்டு. வாட்சுக்காரர் நல்ல தூக்கம்."

இப்போது வாசித்துப் பாருங்கள். நான் 'வாட்ச் உண்டு' என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

6

இங்கே கதை நின்றுவிட்டது. நான்கு நாள் ஒரு வரி நகரவில்லை. காரணம் பாண்டீஸ்வரி. அவளை எனக்கு எழுத வரவில்லை.

தங்கப்பாண்டியனுக்குள் போவது சுலபம். மனிதர் திறந்த மண்டி மாதிரி. யாரும் உள்ளே நடந்து போகலாம். அங்கே பயம் இருக்கிறது, பரோட்டா ஆசை இருக்கிறது, ஷீல்டு எங்கே மாட்டலாம் என்ற யோசனை இருக்கிறது. அவளுக்குள் போகப் பார்த்தேன்:

"பாண்டீஸ்வரி நினைத்தாள்: அவர் மாத்திரை போட்டாரா. மோட்டாரை நிறுத்தினோமா. அவர் பாலில் சீனி"

எங்கே போனாலும் அவரே இருக்கிறார். அவளைக் காணோம். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணின் தலைக்குள் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாதா, அல்லது எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா? முதலாவது என்று எழுதினால் கதை சோகமாகும். இரண்டாவது என்றால் நான் வேலையை விட வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அவருக்கு 'அவர்' போடுகிறேன், இவளுக்குக் கை தானாக 'அவள்' என்கிறது. திருத்தினேன். "பாண்டீஸ்வரி அவர்கள் உளுந்து புடைத்தார்கள்." அரசாங்க அழைப்பிதழ் மாதிரி இருந்தது. பழையபடியே விட்டுவிட்டேன். வெட்கத்தோடுதான்.

7

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை பாராட்டு இல்லை.

"அப்பா, நேத்து மத்தியானம் மூணேகாலுக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

மூணேகாலுக்குத் தங்கப்பாண்டியன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் வாய் பழக்கத்தில், "நடந்துக்கிட்டு இருந்தேன்" என்றது.

"இல்லப்பா. அந்த நேரத்துல ஒரு காலடிகூட இல்ல. உக்காந்துதான் இருந்திருக்கீங்க. உக்காந்த எடத்துலயே நெஞ்சு நூத்தி நாப்பத்தாறு அடிச்சிருக்கு. ஏறுமாறா அடிக்குது, டாக்டரப் பாருங்கன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. இந்த வாரத்துல இது மூணாவது தடவ. நாளைக்கே போங்க."

தங்கப்பாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அடித்தது. முன்பும் இப்படித்தான் அடித்ததா? எண்ணப் போனால் பயத்தில் வேகமாக அடித்தது. வேகமாக அடிப்பதைப் பார்த்து இன்னும் பயந்தார். அந்த வாட்சை மூன்று வாரமாகத் தான் கட்டவே இல்லை என்பது அன்று முழுவதும் அவர் நினைவுக்கு வரவில்லை என்றால் நம்புவீர்களா? நான் நம்புகிறேன். எல்லோரும் மார்ச்சிலிருந்து அவர் நெஞ்சு, அவர் நெஞ்சு என்றே பேசியதில், எங்கே எது துடித்தாலும் அது தன்னுடையதுதான் என்று அவருக்குப் படிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஈசிஜி எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. டாக்டர் ஜெஸ்லின் தாளில் இருந்த கோட்டையும் தங்கப்பாண்டியனின் போனில் மகன் அனுப்பியிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியலையே ஐயா. ரெண்டும் ஒரே ஆளோடதான்னு சந்தேகமா இருக்கு" என்று சிரித்தார்.

அவர் தமாஷுக்குச் சொன்னார். தங்கப்பாண்டியனுக்கு அங்கேதான் விளங்கியது. வாயைத் திறந்தார். சுவரில் சங்கத்தின் விழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில் அவர் போட்டோ. வாயை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்து துடிப்பைப் பதிகிற இருபத்து நாலு மணி நேர மெஷினை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நடந்த பேச்சு இது. எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள். அவர்கள் அடுப்படி ஜன்னல் தெருப் பக்கம். நான் கொத்தமல்லி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் போனேன்.

"ஏ பாண்டி, சனிக்கிழம மத்தியானம் மூணு மணிவாக்குல நீ என்ன செஞ்ச?"

"உளுந்து பொடச்சேன்."

"உக்காந்தா?"

"பின்ன, நின்னுக்கிட்டா பொடைப்பாக?"

"அப்ப… நெஞ்சுல ஏதும் செஞ்சுச்சா ஒனக்கு?"

அன்றும் ஓடிக்கொண்டிருந்த முறம் நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது. "படபடன்னு வந்துச்சு. வாயு. ஓமத்தண்ணி குடிச்சேன், போயிருச்சு."

"எத்தன நாளா?"

"ஒங்களுக்கு மேலுக்கு முடியாமப் போனதுல இருந்து. ஏன், என்ன இப்ப?"

"வெள்ளிக்கிழம நீயும் காட்டிரு, பாண்டி."

"நல்லாருக்கே! வீட்டுல ரெண்டு பேருக்கும் நெஞ்சுன்னா அப்பறம் யாருங்க வீட்டப் பாக்குறது?"

இதற்குத் தங்கப்பாண்டியன் என்ன பதில் சொன்னார் என்று எழுத ஆசை. இரண்டு குழம்புச் சட்டியையும் அவர் மூடிவைக்கிற சத்தம்தான் கேட்டது. நான் கொத்தமல்லியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

8

நேற்று மத்தியானம், கதாபாத்திரம் என்னைப் பார்க்க மாடி ஏறி வந்தது. தங்கப்பாண்டியன்தான். இருபது படிக்கு இரண்டு தடவை நின்றார்.

"மாரி, கதையில என்னைய நடக்க வச்சுட்டியா?"

"வச்சுட்டேண்ணே. பாலம் வரைக்கும்."

அவர் நோட்டைப் பார்த்தார், வாசிக்கவில்லை. "ஒண்ணு செய்யி. நான் நடந்தது நடந்ததாவே இருக்கட்டும். அவ தானாப் போயி டாக்டர்ட்டக் காட்டுற மாதிரி எழுதிரு. ஒன்னால முடியும்ல?"

"எழுதலாம். அவுக போகணுமேண்ணே."

"வாயுங்குறா. வரமாட்டேங்குறா. ஒரு வாட்ச நம்பி ஒருத்தர் நெஞ்சச் சந்தேகப்படலாமாங்குறா. டாக்டரம்மா சொன்னாத்தான் கேப்பா. டாக்டரம்மா சொல்லணும்னா வாட்சு யாரு கையில இருந்துச்சுன்னு நான் சொல்லணும்." முகத்தைத் துடைத்தார். "மகன் ஆபீஸ் பூராவும் என் படத்தக் காட்டியிருக்கானாம். எங்கப்பா பாருங்கன்னு. அவன்ட்ட என்னன்னு சொல்ல? வாட்ச ஒங்காத்தா கையில கட்டிவிட்டுட்டுத் தூங்குனேன்னா?"

"நானும் பாத்தேண்ணே" என்றேன். "மூணு வாரமா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தகுதி இல்லை. "பாத்துட்டு?" என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

அவர் போனபிறகு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. சங்கத்துக்குப் பிடித்த முடிவு. தங்கப்பாண்டியன் மனம் திருந்தி நிஜமாகவே நடக்கிறார். மனைவியும் கூட நடக்கிறாள். ஆற்றங்கரையில் சூரியன் உதிக்கிறது. உப்பு, எண்ணெய், சிகரெட், நடை, தூக்கம், ஐந்தும் உண்டு. யாரும் சாகவில்லை. (இரண்டு குழம்பையும் வைத்துவிட்டு அவள் எந்த நேரத்தில் நடக்க வந்தாள் என்று மட்டும் என்னால் கணக்குப் போட முடியவில்லை.)

ஆ. பயமுறுத்துகிற முடிவு. விழா மேடையில் அவர் ஷீல்டு வாங்குகிறார், கைதட்டுகிறார்கள், அந்த நேரத்தில் வீட்டில் மாடிப்படி ஏழாவது படியில்

(முடிக்கவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி மூடநம்பிக்கை கிடையாது. ஆனாலும் முடிக்கவில்லை.)

இ. அவர் கேட்ட முடிவு. அவள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், குணமாகிறாள், அவர் ஷீல்டும் வாங்குகிறார், யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் தானாகப் போவாள் என்ற ஒரு வரியைத் தவிர.

9

இன்று காலை. என்னைக் கூப்பிட்டது பாண்டீஸ்வரி. "அவுக மொகமே சரியில்ல மாரி. பயந்துபோய் இருக்காக. நீயும் கூட வா." ஆட்டோவில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

கூடத்தில் ஏசுதாசன் இருந்தார். அவருக்கும் இன்று செக்கப். கூடச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். "வாங்க சாம்பியன்!" என்று எழுந்து கைகொடுத்தார். தங்கப்பாண்டியன் கையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பத்தரைக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். "தங்கப்பாண்டியன்!"

அவர் எழவில்லை.

"ஏங்க, ஒங்களத்தான் கூப்புடுறாக" என்றாள் பாண்டீஸ்வரி.

"நீ எந்திரி."

"நானா? பேரு ஒங்க பேருங்க."

"நீ எந்திரி, பாண்டி."

"யோவ், என்னய்யா தகராறு? மெஷின் மாட்டத்தான கூப்புடுறாக, இதுக்குமா பயம்?" என்றார் ஏசுதாசன்.

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "பேஷண்ட் யாருங்க?"

தங்கப்பாண்டியன் எழுந்தார். மண்டியில் ஏலம் கூறுகிற ஆள், மெதுவாகப் பேசத் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது.

"நான் நடக்கலம்மா. மொத வாரத்தோட சரி, அப்பறம் நடக்கவே இல்ல. வாட்ச இவ கையில கட்டிவிட்டுட்டு வீட்டுல படுத்திருந்தேன். அந்த ஒம்பதாயிரமும் இவளோடது. நெஞ்சு ஏறுமாறா அடிக்குதுன்னு வந்துச்சே, அதுவும் இவளோடது. இவளப் பாருங்க."

சங்கத்து ஆள் ஒருவர், "அப்ப ஷீல்டு?" என்றார். ஏசுதாசன் அவர் தொடையில் தட்டினார்.

"என்னங்க நீங்க! எல்லாரும் பாக்குறாக" என்று பாண்டீஸ்வரி முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அவரைத் தடுக்க வேகமாக எழுந்தாள். எழுந்தவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நின்றாள். இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள்.

நர்ஸ் சீட்டை எடுத்தாள். "பேரு?"

"பாண்டீஸ்வரி" என்றார் அவர்.

"வயசு?"

"அம்பது."

"அம்பத்தி மூணு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எவ்வளவு நாளா இருக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவள் தோளைத் தாங்கி உள்ளே அழைத்துப் போனாள். "கூட ஒருத்தர் வரலாம்." தங்கப்பாண்டியன் போனார். கதவு சாத்திக்கொண்டது.

10

மணி பன்னிரண்டு. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏசுதாசன் தன் செக்கப்பை முடித்துவிட்டும் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கதைய முடிச்சிட்டியா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"சாகடிச்சிராத" என்றார். மலருக்காகச் சொல்லவில்லை.

அந்தக் கதவுக்குள் நான் போகலாம். எழுதுகிறவளுக்குக் கதவு ஒரு தடையா? இத்தனை நாள் அடுப்படிக்குள், ஆட்டோவுக்குள், ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் எல்லாம் செருப்போடு போனவள்தானே. ஆனால் மூன்று வாரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்து, அவள் கையில் இருந்ததை மட்டும் பார்த்தவள் நான். உள்ளே போனால் இந்தத் தடவையும் எதையாவது தவறாகத்தான் பார்ப்பேன். போகப் போவதில்லை. அ-வும் இல்லை, ஆ-வும் இல்லை, இ-யும் இல்லை. மூன்று தாளையும் கிழித்துவிட்டேன். ஏசுதாசன் சத்தம் போடட்டும்.

நீங்கள் போங்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். கட்டிலில் படுத்திருப்பது அவள், பக்கத்தில் நிற்பது அவர், இதில் மட்டும் குழம்பிவிடாதீர்கள். உங்களைப் பார்த்ததும் அவள், "அவுக காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல" என்று ஆரம்பிப்பாள். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "ஒங்களுக்கு எப்படி இருக்கு மதினி?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பாள்.

உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கொஞ்சம் நேரமாகும், அவளுக்குப் பழக்கமில்லை. அதற்கடுத்து அவள் என்ன சொல்கிறாளோ, அதுதான் முடிவு.